அந்தி நேரத்து அழுகை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றிரவு நீ அழைத்தபோது, உன் குரலுக்கு முன்பே குழந்தையின் அழுகைதான் எனக்குக் கேட்டது. பால் கொடுத்தாயிற்று, ஏப்பமும் விட்டாள், துணியும் மாற்றியாயிற்று, அப்படியிருந்தும் ஏழு மணியானால் ஏன் இப்படி வீறிட்டு அழுகிறாள் என்று கேட்டாய். அவளுக்கு இன்று 38 நாள். இரண்டாவது வாரம் தொடங்கிக் கூடிக்கொண்டே வரும் அழுகை, ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். அந்தியில் அது மிகுவதும் இயல்புதான். உன் மனைவிக்குப் பால் போதவில்லை என்று யாரேனும் சொல்லக்கூடும். குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து எடையும் கூடிவருகிறாள் என்றால், அந்தப் பேச்சை நீயும் நம்பாதே, உன் மனைவி காதிலும் விழ விடாதே.

நீ செய்யக்கூடியவற்றுள் முதன்மையானது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வு 21 குழந்தைகளை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதில் கண்டது நம் பாட்டிமாரின் கைப்பழக்கத்தோடு ஒத்துப்போகிறது. மார்போடு அணைத்து, இடையில் நிற்காமல் சீரான நடையில் 5 நிமிடம் நடந்தபோது அழுகை அடங்கியது. பல குழந்தைகள் உறங்கியும் விட்டன. உறங்கியவுடனே கிடத்தினாலோ, தூக்கியவரின் உடம்பை விட்டுப் பிரியும் அந்த நொடியில் இதயத் துடிப்பு விரைவடைந்து சில குழந்தைகள் விழித்துக்கொண்டன. நேற்று மூன்று முறை நீ தோற்றதும் இந்த இடத்தில்தான். இனி, உறங்கிய பிறகு 5 முதல் 8 நிமிடம் வரை அவளை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்துவிட்டு, தலையணை இல்லாத, மெத்தென்று அமுங்காத படுக்கையில் மல்லாக்கக் கிடத்து. பாட வராது என்று கூச்சப்படாதே; ஒரே தாளத்தில் 'ஆராரோ' என்று முனகினால் போதும், சுருதி பிசகினால் அவள் குறை சொல்லப் போவதில்லை.

குழந்தைக்கு உரம், அதாவது சுளுக்கு, விழுந்திருக்கிறது, புடவையில் போட்டு உருட்டி எடுக்க வேண்டும் என்று பெரியவர் ஒருவர் நிச்சயம் வருவார். இதில் மட்டும் மரியாதை குறையாமல், ஆனால் உறுதியாக மறுத்துவிடு. கழுத்து நிற்காத குழந்தையை உருட்டுவதும் குலுக்குவதும் மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். உரைமருந்தும் வேண்டாம், ஒரு வயது நிறையும் வரை தேனை நாக்கில் தடவவும் கூடாது.

உனக்கே எரிச்சல் மீறினால், அவளைப் பாதுகாப்பாகப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் நின்றுவிட்டு வா, அது குற்றமில்லை. உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோ.

சனிக்கிழமை மாலை நான் வருகிறேன். ஏழு மணிக்குக் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா