போனில் சொல்ல முடியாதது

அன்புள்ள மாப்ளே,

அன்றைக்கு நீ போனில் "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டபோது "நல்லா இருக்கான்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆவணி வந்தால் அந்த விபத்து நடந்து இரண்டு வருஷம். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தான். என் தலையில் ஹெல்மெட் இருந்தது, அவனுக்கு வாங்கவில்லை. நாலு வயசுக்கு மேல் எல்லாரும் போட வேண்டும் என்று 2019-லேயே சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், எனக்கு அப்புறம்தான் தெரியும். சரி, அதை விடு. அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஐசியூவில் இருந்தபோது டாக்டர்கள் தினமும் ஒரு மார்க் சொல்வார்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் சேர்த்து 3-லிருந்து 15 வரை. வந்த அன்று 7. அது 15 ஆனதும் கண்டம் தாண்டியாச்சு என்று குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினோம். கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

இப்போது நடக்கிறான், பேசுகிறான், பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "அம்மா, இட்லி வைக்கலையா?" என்பான். அவள் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் 'பல், குளியல், இட்லி, பை' என்று எழுதி அவன் சட்டைப் பையில் வைத்துவிடுகிறாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே டிக் போட வேண்டும். கேட்டால் இவள் பதில் சொல்ல மாட்டாள், பையைத் தொட்டுக் காட்டுவாள். எடுத்துப் பார்த்துவிட்டு லேசாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை.

முன்மூளையில் அடி. கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற இடம் அதுதானாம். பள்ளிக்கூடத்தில் 'சேட்டை, கவனமில்லை' என்று எழுதி அனுப்புகிறார்கள். மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாம் என்று விசாரித்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கிற 21 வகைக் குறைபாட்டில் தலைக்காயம் என்று தனியாக ஒன்றும் இல்லை. எந்தக் கணக்கில் இவனைச் சேர்ப்பது என்று அலைந்துகொண்டிருக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லாரும் "உயிர் பொழச்சானே, அதுவே பெருசு" என்கிறார்கள். பெரிசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டபின் அழ முடியாது, பார். இவள் ராத்திரி எல்லாரும் தூங்கியபின், அவன் ஆண்டுவிழாவில் குறள் ஒப்பித்த வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். பிள்ளை அடுத்த அறையில் தூங்குகிறான், இவள் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி படுத்துக்கொள்கிறேன்.

சின்னவள் விஷயம்தான் இப்போது பெரிய கவலை. ஒரு நாள் அவன் ஜாமெட்ரி பாக்ஸை விட்டெறிந்ததில் அவளுக்குப் புருவத்தில் வெட்டு. டீச்சரிடம் "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றிருக்கிறாள். எட்டு வயசு! பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது யார்? நாங்கள்தான், வாயைத் திறக்காமலே. அதிலிருந்து ஞாயிறு சாயங்காலம் அவளை மட்டும் பரோட்டா கடைக்குக் கூட்டிப்போகிறேன். முதல் இரண்டு வாரமும் "அண்ணனுக்குப் பார்சல்" என்றுதான் ஆரம்பித்தாள். போன வாரம் தனக்கு ஒரு முட்டை வீச்சு சொல்லி, முழுசையும் சாப்பிட்டாள். பார்சலைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு என்ன நிம்மதி தெரியுமா!

பொங்கலுக்கு நீ வரும்போது "மாமாவை ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்காதே. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். அவனுக்குப் பழசெல்லாம் நினைவிருக்கிறது, காலையில் நடந்ததுதான் நிற்பதில்லை. நீ வாங்கிக்கொடுத்த கேரம் போர்டை எடுத்துப் போடு, தானாக வந்து உட்காருவான். மதியத்துக்குள் விளையாடிவிடுங்கள், நாலு மணிக்கு மேல் ஆள் சுருண்டுவிடுவான்.

ஏதாவது வாங்கி வருவதாக இருந்தால் சின்னவளுக்கு வாங்கி வா.

உன்,
மச்சான்