பாதம் வெட்டுப்பட்ட நடனப் படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவராத்திரி வந்தால் மலையகப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் நடந்த கலைவாணி விழாப் படங்கள் உங்கள் பக்கங்களில் வரிசையாக வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் பல படங்களில் ஆடும் பிள்ளையின் பாதம் இல்லை, கணுக்காலோடு போய்விட்டது. சலங்கை கட்டிய காலை வெட்டி முகத்தைப் பெரிதாக்குவது கல்யாண வீட்டுப் படத்துக்குச் சரி, பரதத்துக்குச் சரிவராது. பாதம் தப்பிய படங்களிலோ அது அந்தரத்தில் தொங்குகிறது. கண் பாதி மூடியிருக்கிறது, கை எந்த முத்திரையிலும் சேராமல் நடுவழியில் நிற்கிறது. பார்ப்பவர் பிள்ளைக்கு ஆட்டம் போதாது என்று நினைப்பார். பிழை ஆட்டத்தில் இல்லை, கமராவை அழுத்திய நேரத்தில்.

அந்த நேரம் கண்ணுக்குப் பிடிபடாது. கண்ணில் பட்டு விரல் அழுத்துவதற்குள் நிலை கலைந்துவிடும். காதுதான் வேண்டும். படம் எடுப்பவர்களே, தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் செய்பவர் வாயால் சொல்லும் சொற்கட்டைக் கேளுங்கள். ஜதி என்ற தாளச் சொற்கோவை முடியும் இடத்தில் தீர்மானம் என்ற முடிப்பு வரும். பெரும்பாலும் ஒரே கோவை மூன்று தரம் திரும்பும். முதலாவது "ததிங்கிணதொம்" கேட்கும்போது ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்துச் சட்டகத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டாவதில் போகஸ். மூன்றாவதன் "தொம்" விழும்போது அழுத்துங்கள். பாதம் தரையில் பதிந்து, கை நீண்டு, பார்வை விரல்நுனிக்குப் போய், எல்லாம் ஓர் இமைப்பொழுது நிற்கும். வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படியின் முதல் தீர்மானம் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வருவதுண்டு. மெதுவான விளம்பத்தில் விட்டதை வேகமான துரிதத்தில் பிடிக்கலாம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள், நிலை சுத்தமாக நிற்பது விளம்பத்தில்தான்.

அடுத்தது நிற்கும் இடம். பாதி உட்கார்ந்த நிலையான அரைமண்டி, நேர் எதிரே இருந்து பார்த்தால்தான் அரைமண்டி. முழங்கால்கள் இருபக்கமும் விரிய, நடுவே உடுப்பின் விசிறி முழுதாக மலரும். பக்கத்திலிருந்து எடுத்தால் சும்மா காலை மடித்து நிற்பதுபோல் இருக்கும். மேடைக்கு அடியில் குந்தியிருந்து எடுத்தால் மேடை விளிம்பு பாதத்தை விழுங்கும். மூக்குத் துவாரம்தான் மிஞ்சும். நடுப்பாதையில் ஆறேழு வரிசை பின்னால் நின்று, லென்ஸ் ஆடுபவரின் இடுப்பு உயரத்துக்கு வரும்படி வையுங்கள். 70-200 மி.மீ. லென்ஸ் போதும். தலைக்கு மேலும் இரு பக்கமும் ஒரு கை நீளம் இடம் விடுங்கள். கை போகும் இடத்துக்குக் கண் போகும் என்கிறது அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல். விரல்கள் மலர்ந்த அலபத்ம முத்திரையின் சுண்டுவிரல் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டால் அந்தப் பார்வை எதையோ வெறிப்பதாகிவிடும்.

ஃபிளாஷ் அடிக்கவே வேண்டாம். சுழலும்போது ஆடுபவர் ஒரு புள்ளியில் பார்வையை வைத்துத்தான் நிலைகொள்கிறார். அந்தக் கணத்தில் ஒளி அடித்தால் கண்ணில் கறுப்புப் பொட்டு நிற்கும், மேடை விளிம்பு தெரியாது. படத்துக்கும் கேடுதான்: நெற்றிச்சுட்டியும் ஜரிகையும் வெள்ளைத் திட்டாகும், வியர்வை எண்ணெய்போல் மினுங்கும். மேடை வெளிச்சத்திலேயே எடுக்கலாம். எப் 2.8, ஐஎஸ்ஓ 3200, தாளத்துக்கு ஆடும் நிருத்தத்துக்கு 1/400 செக்கன், பாவம் காட்டும் அபிநயத்துக்கு 1/160. இருட்டில் போகஸுக்காக எரியும் சின்னச் சிவப்பு விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிரும். 1/400இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல். சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டர் என்றால் படத்தில் குறுக்கே கோடு கோடாக விழும். தீர்மானத்துக்கு மிருதங்கச் சத்தம் இருக்கிறது, சாதாரண ஷட்டரையே போடுங்கள். கமராவில் இந்த மங்கி ஒளிர்வதை (பிளிக்கர்) தவிர்க்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். அபிநயம் மிகுந்த பதம் ஆடும்போது சபை அமைதியாக இருக்கும். அப்போது சத்தமில்லாத ஷட்டரை 1/100க்கு வையுங்கள், கோடு வராது. சிவப்பு விளக்கை முகத்துக்கு அடிக்கும் ஒளியமைப்பாளரிடம் முன்பக்கம் மட்டும் மஞ்சள் கலந்த வெள்ளை கேளுங்கள். சிவப்பில் பட்டும் முகமும் ஒரே சாயமாகிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் இன்னொரு தொல்லை. பனி இரவில் குளிர்ந்த லென்ஸை ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்து பையிலிருந்து எடுத்தவுடன் கண்ணாடியில் நீர் படியும். துடைக்கத் துடைக்கப் படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் உள்ளே வைத்திருக்க வேண்டும். தொடக்க நடனமான புஷ்பாஞ்சலிக்கு ஓடி வருபவர்கள் அதை அடுத்த அலாரிப்பு முடியும்வரை துடைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கோயிலில் நியாயம் வேறு. வசந்த மண்டபத்தில் ஆடுபவர் சுவாமியைப் பார்த்து ஆடுகிறார். நேர்முகம் வேண்டுமென்றால் நாம் சுவாமிக்கு முதுகைக் காட்ட வேண்டும், அது கூடாது. தூணோரம் ஒதுங்கிப் பக்கவாட்டாக எடுங்கள். அரைமண்டி முழுதாகக் கிடைக்காது, போகட்டும். ஆடுபவரும் தீபமும் ஒரே படத்தில் விழுவது விழா மேடையில் கிடைக்காது. மூலஸ்தானம் பின்னணியில் வருமென்றால் குருக்களிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

சலங்கை பூசையில் "இன்னொரு தரம் குடுங்க டீச்சர், இங்க பார்த்து" என்று படம் எடுப்பவர் கேட்பது வழக்கமாகிவிட்டது. குரு கையால் ஒருமுறை வாங்கிய சலங்கையைத் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்குவது என்ன சடங்கு? குரு எந்தப் பக்கம் நின்று கொடுப்பார் என்று முதல்நாளே கேட்டு வைத்தால் இது தேவைப்படாது. மாசியில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்துக்கும் இதையே சொல்லலாம். விரதம் இருந்து வேடம் கட்டிய ரதியையும் மன்மதனையும் நிறுத்தி வைத்துப் போஸ் கேட்க வேண்டாம். காமன் தகனத்தில் நெருப்பு தருகிற வெளிச்சம் போதும். ஐஎஸ்ஓ 6400இல் கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. வீடியோ விளக்கை அடித்தால் நெருப்பே வெளிறிவிடும்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்தில் இடம் போதாமல் படத்தை வெட்ட நேர்ந்தால் மேடைத் திரையை வெட்டுங்கள், பூமாலையை வெட்டுங்கள், ஓரத்தில் அமர்ந்திருக்கும் பிரதம விருந்தினரையும் வெட்டலாம். விரலையும் பாதத்தையும் விட்டுவிடுங்கள். அப்படியும் கொள்ளாவிட்டால் படத்தைச் சிறிதாக்கிப் போடுங்கள். படத்தின் கீழ் "நடனமாடியபோது" என்பதற்குப் பதிலாக உருப்படியின் பெயரும் நட்டுவாங்கம் செய்தவரின் பெயரும் வரட்டும்.

இப்படிக்கு,
நடன ஆசிரியை ஒருவரும் படப்பிடிப்பாளர் ஒருவரும்,
ஹட்டன்.