அமுக்குவான் பேயும் 12 பக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில் வந்த பேய்க்கதையைப் படித்தேன். வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், புளியமரம். எனக்குப் பயமே வரவில்லை. நானும் ஒரு உளவியல் திகில் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்; பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் 12 பக்கம். அந்த உரிமையில் சொல்கிறேன்.

என் கதை அமுக்குவான் பேய் பற்றியது. கனவு காணும் உறக்கத்தில் மூளை கைகால்களைச் செயலற்று வைத்திருக்கும். அது விலகும் முன்பே முழிப்பு வந்துவிட்டால் கண் திறக்கும், உடம்பு அசையாது, யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் தானாகவே விட்டுவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும் என்பதால், என் நாயகனை இரவு ஷிப்ட் பார்ப்பவனாக மாற்றினேன்.

எனக்கே இது வந்திருக்கிறது. "ஏல, தலமாட்டுல இரும்ப வச்சிப் படு" என்று ஆச்சி பாக்குவெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் முக்கூடல் பக்கம் பீடி சுற்றாத வீடு குறைவு. ஆச்சி கத்தரியால் இலை நறுக்கும் சத்தம் ராத்திரி வெகுநேரம் கேட்கும். படத்தில் பேய் கிடையாது, அந்தக் கத்தரிச் சத்தம்தான். அசைய முடியாமல் கிடக்கிறவன் தலைக்குப் பின்னால் 'கிரிச், கிரிச்'. கதைப்படி அவனுடைய ஆச்சி செத்துப் பதினாறு நாள் ஆகியிருக்கும்.

ஒன்பது பக்கம் முடிந்தது, அப்புறம் நகரவில்லை. இது வந்த வாசகர்கள், அந்த நேரத்தில் என்ன சத்தம் கேட்டது என்று இப்பகுதிக்கு எழுதினால் உதவியாக இருக்கும். சுடலைமாடனைக் கண்டவர்களும் எழுதலாம், சிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
முக்கூடல்.