எங்க சினிமா சங்கத்தோட 2024–25 ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கற உறுப்பினர்கள் எல்லாருக்கும் செயலாளரோட வணக்கம். பாலக்காடு ஜில்லா சித்தூர் பக்கம் வீட்டுல தமிழும் வெளிய மலையாளமுமா பேசுற நாம மாசம் ஒரு படம் சேர்ந்து பாத்து பேசலாம்னு ஆரம்பிச்சது, இந்த வருஷமும் மழையில போன ரெண்டு கூட்டம் தவிர விடாம நடந்துச்சு. உள்ளொழுக்குங்கற மலையாளப் படம் பாத்த அன்னைக்கு, வெள்ளம் வடியற வரைக்கும் அடக்கம் பண்ண முடியாம உடம்ப வீட்டுலயே வெச்சிருக்கற அந்த குட்டநாட்டு குடும்பத்த பாத்துட்டு ரொம்ப நேரம் யாரும் எந்திரிக்கல, ஊர்வசிக்காகவே இன்னொரு தடவ போடச் சொன்னாங்க, போட்டோம்.

ஆனா இந்த வருஷம்னா எனக்கு கிஷ்கிந்தா காண்டம் தான். 2024 செப்டம்பர் 12, ஓணத்துக்கு வந்த படம், தியேட்டருக்கு எல்லாரும் ஒண்ணா போனோம். தின்ஜித் அய்யத்தான் டைரக்‌ஷன், கதை எழுதின பாகுல் ரமேஷே தான் கேமராவும், அதனாலயோ என்னவோ அந்த வீட்டோட மூலையும் சுத்தி இருக்கற காடும் குரங்கும் எல்லாமே கதைக்குள்ள ஒரு ஆளு மாதிரி நிக்குது. எலெக்‌ஷன் வருது, லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், ரிட்டயர்ட் மிலிட்டரிக்காரர் அப்பு பிள்ளையோட துப்பாக்கிய காணோம். பேரன் ஏற்கனவே காணாம போனவன். மகன் அஜயன் ரெண்டாவதா கட்டிட்டு வந்த பொண்ணு (நம்ம சூரரைப் போற்று அபர்ணா பாலமுரளி தான்) மாமனார் தனியா உக்காந்து பேப்பர எரிக்கறத பாக்குறா, சந்தேகம் அங்க பிடிக்குது. பாக்காத புது உறுப்பினர்கள் இருக்கீங்க, முடிவ இங்க எழுதல. அப்பு பிள்ளையா வர்ற விஜயராகவன் ஞாபகம் தப்பறத மறைக்கறதுக்கு காட்டுற அந்த கோவம் இருக்கே, 1991ல மலையாள காட்ஃபாதர் படத்துல அஞ்ஞூரானா வந்த அவரோட அப்பா என்.என்.பிள்ளை தான் எனக்கு ஞாபகம் வந்தாரு. அஜயனா வர்ற ஆசிஃப் அலி அழாமலே துக்கத்த சுமக்குறாரு, பிள்ளைய தொலைச்ச மனுசன் அப்படித்தான இருப்பான்.

அடுத்த வாரம் வாயனசாலைல (ஊர் நூலகம்) பேச உக்காந்தோம், ராத்திரி பத்து தாண்டிடுச்சு. எப்பவும் பேசாம இருக்கற நம்ம உறுப்பினர் அக்கா ஒருத்தர் எந்திரிச்சு, எங்க மாமனாரும் இப்படித்தான் துண்டு சீட்டு எழுதி அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெக்கிறாரு, என்னப் பத்தி தான் ஏதோ எழுதறாருன்னு ரெண்டு வருஷமா மனசுக்குள்ள பொருமிட்டு இருந்தேன், படம் பாத்துட்டு வந்து எடுத்துப் பாத்தேன், காலைல மாத்திரை போட்டாச்சு, மருமக பேரு, பேரப்பசங்க பேரு, இவ்வளவுதான் இருந்துச்சுன்னு சொன்னாங்க. அன்னைக்கு அதுக்கு மேல நடிப்பு, கேமரான்னு யாராலயும் பேச முடியல. ஒரே வீட்டுல ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்படறதும் ஒருத்தருக்காக ஒருத்தர் மறைக்கறதும் பாசத்துல இருந்தே வரலாம்னு இந்தப் படம் சொன்ன அளவுக்கு வேற எதுவும் எனக்கு சொன்னதில்ல.

அந்தப் பெரியவர் ஜனவரில தவறிட்டாரு. சங்கம் சார்புல போயிட்டு வந்தோம், அந்த சீட்டெல்லாம் அக்கா ஒரு கவர்ல போட்டு சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்காங்க. இந்தக் கூட்டத்துலயும் அவருக்காக ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நிக்கணும்னு கேட்டுக்கறேன்.

மறதி நோய் இருக்கறவங்கள வீட்டுல வெச்சு பாத்துக்கறவங்களும் கூட்டத்துக்கு வர்ற மாதிரி ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு நேரத்த மாத்தணும்னு செயற்குழுல பேசியிருக்கோம், உங்க சம்மதம் வேணும். வரவு செலவு பொருளாளர் படிப்பாரு.