இந்த வாரம் கேட்க: தி புளூ ஹார்ட்ஸ்

உறுப்பினர்களுக்கு வணக்கம். தேர்வுக் காலத்துக்கு ஊக்கம் தரும் பாடல்களைச் சிலர் கேட்டிருந்தீர்கள். 1985இல் தோக்கியோவில் உருவான தி புளூ ஹார்ட்ஸ் ராக் குழுவைக் கேட்போம்.

1987இல் வந்த 'லிண்டா லிண்டா', சாக்கடை எலியைப் போல அழகாக வேண்டும் என்ற ஆசையோடு மெல்லத் தொடங்கித் திடீரெனத் துள்ளுகிறது. அதே ஆண்டின் 'ஹிதோ நி யசாஷிகு' இன்னும் நேரடியானது: துவண்டு நிற்பவருக்காகப் பாடகர் கோமோத்தோ ஹிரோத்தோ தொண்டை கிழியக் கத்துகிறார். அறிவுரை ஏதுமில்லை, எனக்குப் பிடித்ததும் அதுதான். 'டிரெயின் டிரெயின்' (1988) பியானோவோடு அமைதியாகத் தொடங்கும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

சனிக்கிழமை இரவுக்குள் கருத்துகளை எழுதுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு இந்த வாரமும் அனுமதியில்லை.

– குழு நிர்வாகி