வெற்றுப் படிவத்தில் கையெழுத்து எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். தனியார் மருத்துவமனைதான், பெயர் வேண்டாம். டிஸ்சார்ஜ் அன்று பில்லை விவரமாகக் கேட்டதும் கவுன்டரில் இருந்த பெண்ணின் முகம் மாறிவிட்டது. "இன்ஷூரன்ஸ்தானே சார் கட்டுது, உங்களுக்கென்ன?" வற்புறுத்தி வாங்கிப் பார்த்தால், மூன்று நாளைக்குக் கையுறை மட்டும் 64 ஜோடி, அப்புறம் நாங்கள் காலையிலேயே வீட்டுக்குக் கிளம்பிய நாளில் மாலை பிசியோதெரபி வேறு! சேர்க்கும்போதே மூன்று வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கியது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

யார் கட்டினாலும் அந்தத் தொகை அம்மாவின் காப்பீட்டு வரம்பிலிருந்துதானே கழிகிறது? அரசுக் காப்பீடு என்றால் அது நம் வரிப்பணம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே செல்போன் எண்ணில், அதுவும் பத்து இலக்கமும் ஒன்பதாக இருக்கும் எண்ணில், பதிவாகியிருந்ததாக 2023இல் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை சொன்னது. அப்படியிருந்தால், உங்கள் பெயரில் இவ்வளவு கிளெய்ம் போயிருக்கிறது என்ற குறுஞ்செய்தி யாருக்குப் போய்ச் சேரும்?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமானாலும் சரி, தனியார் பாலிசியானாலும் சரி, கிளெய்ம் அனுப்பும் முன் முழுப் பட்டியலையும் தமிழில் நோயாளியிடம் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவதைக் கட்டாயமாக்குங்கள். நாங்கள் சத்தம் போட்ட பிறகு எங்கள் பில்லில் 11,400 ரூபாய் குறைந்தது. கம்ப்யூட்டர் தவறாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை