நட்பு சரி, தட்டு வேறாக இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், நாயின் வயிற்றில் தலைவைத்து உறங்கும் பூனை, வாத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்திருக்கும் கோழி என்று வாசகர்கள் அனுப்பும் படங்கள் அண்மைக் காலமாக நிறையவே இடம்பெறுகின்றன. நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், வயதானவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், கோழி, ஆடு, நாய், பூனை ஆகியவற்றுக்கான தீவனம் விற்கும் கடை வைத்திருப்பவன். அந்தப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் படத்தில் இருக்கும் பிராணிகளுக்குத் தீவனமும் உண்ணி மருந்தும் வாங்க வருகிறவர்களை அன்றாடம் சந்திப்பவனும் நானே என்பதால், படத்துக்கு வெளியே நிற்கும் சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இனம் மாறிய இந்த நட்பு பொய்யில்லை. ஆனால் அது நாம் வளர்த்த விதத்தால் வந்தது, நட்பான பிறகும் நாயின் உடம்பு நாயின் உடம்பாகவும் பூனையின் உடம்பு பூனையின் உடம்பாகவுமே இருக்கிறது, இந்த இரண்டையும் மறந்துவிட்டுப் படம் எடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது என்பது என் கருத்து.

இத்தகைய நட்பை அதிசயம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இதில் வயதுக்கே பெரும் பங்கு உண்டு. நாய்க்குட்டி மூன்றாவது வாரம் தொடங்கி ஏறத்தாழ 12-ஆவது வாரம் வரையிலும், பூனைக்குட்டி இரண்டாவது வாரம் தொடங்கி ஏழாவது வாரம் வரையிலும் யாரோடு பழகுகிறதோ அவர்களைத் தன்னைச் சேர்ந்தவர்களாக ஏற்றுக்கொள்கிறது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். துருக்கியிலும் பைரனீஸ் மலைப்பகுதியிலும் காவல் நாய்க்குட்டிகளை ஆட்டுப் பட்டியிலேயே விட்டு வளர்ப்பது இந்த அடிப்படையில்தான். ஆட்டோடு வளர்ந்த நாய் ஆட்டைக் கடிப்பதில்லை, ஓநாய் வந்தால் எதிர்த்து நிற்கிறது. இஸ்ரேலின் டெல் அவீவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளைக் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பூனையும் ஒரு வயதுக்கு உட்பட்ட நாயும் அறிமுகமாகும்போது இணக்கம் எளிதாகிறது என்றும், பூனை முதலில் குடியேறிய வீட்டில் நிலைமை மேலும் நன்றாக இருக்கிறது என்றும் கண்டார்கள். ஆகவே, ஐந்து வயதான நாய் இருக்கும் வீட்டுக்கு வளர்ந்த பூனையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ‘இன்னும் நண்பர்களாகவில்லையே’ என்று மூன்றாம் நாளே கைப்பேசியோடு காத்திருப்பது இரண்டுக்கும் செய்யும் கொடுமை.

கோழியும் வாத்தும் நம் தோட்டப்புறங்களுக்குப் புதிதல்ல. வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பது வரிசை வீடுகளில் நம் பாட்டிமார் செய்துவந்ததுதான். கோழி முட்டை 21 நாளில் பொரியும், வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும் என்பதால், கூடுதல் ஒரு வாரம் இறங்காமல் உட்காரக்கூடிய பொறுமைசாலிக் கோழியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். என் கடைக்கு வரும் ஒரு மூதாட்டியின் வீட்டில் இன்றும் இது நடக்கிறது. மழை நின்றதும் குஞ்சுகள் வாசல் கால்வாயில் வரிசையாக இறங்கி நீந்தத் தொடங்க, தாய்க்கோழி சிமெண்டு விளிம்பில் முன்னும் பின்னும் ஓடி, கழுத்து மயிர் சிலிர்க்க, தொண்டை கிழியக் கத்துகிறது. குஞ்சுகள் அந்தக் குரலை அறிந்தும் கரையேறுவதில்லை, வயிறு நிறைந்த பிறகே ஏறி வந்து அதே கோழியின் இறக்கைக்குள் ஈரத்தோடு புகுந்துகொள்கின்றன. ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ், முட்டையை விட்டு வெளிவந்ததும் தம்மையே முதலில் கண்ட பெருவாத்துக் குஞ்சுகள் தம்மைத் தாயாகக் கருதிப் பின்தொடர்ந்ததை 1935-இல் விளக்கி எழுதினார். விலங்கு நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே. தாயாகக் கோழியை ஏற்பது அனுபவத்தால் வருகிறது, தண்ணீரில் இறங்குவது பிறப்பால் வருகிறது. ஒன்று வந்ததால் மற்றது போய்விடுவதில்லை.

என் வீட்டில் ஒரு கறுப்பு நாட்டு நாயும் ஒரு செம்பூனையும் குட்டிப் பருவத்திலிருந்து சேர்ந்து வளர்கின்றன. நாய் எங்கள் மோட்டார் சைக்கிளைச் சட்டை செய்வதே இல்லை. வழிப்போக்கர் யாராவது அதில் சாய்ந்து நின்றால்கூடக் கொட்டாவி விடும். பூனை அந்த இருக்கையில் சுருண்டு படுத்துவிட்டால் மட்டும் நானே சாவியோடு கிட்டே போனாலும் உறுமுகிறது. அதற்கு மாறாக, பூனை அடுப்படியில் கருவாட்டைத் திருடும்போது அதே நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கும். இவை சிரிப்பதற்குரியவை. ஆனால் பூனை வாலை இப்படியும் அப்படியும் அடிக்கத் தொடங்கினால் அது எரிச்சலின் அடையாளம் என்பதை நாய் கற்றுக்கொள்ள ஒரு மழைக்காலமும் மூக்கில் சில கீறல்களும் தேவைப்பட்டன, ஏனெனில் நாய்களின் வழக்கத்தில் வாலாட்டுவது பெரும்பாலும் வரவேற்பு. பூனைகள் ஒன்றையொன்று வாசனையால்தான் அடையாளம் காண்கின்றன; கன்னத்தை நம் காலிலும் நாயின் தோளிலும் உரசிக் குடும்பத்துக்கெல்லாம் ஒரே மணத்தைப் பூசி வைக்கின்றன. கருத்தடை அறுவை முடிந்து மருந்து நெடியோடு வீடு திரும்பும் பூனையைப் பார்த்து, கூடவே பிறந்த பூனை சீறுவதும் இதனால்தான். அப்போது இரண்டையும் ஓரிரு நாள் தனி அறைகளில் வைத்து, ஒன்று படுத்த துணியை மற்றதற்குப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி, கடையில் நான் அதிகம் வாதாடும் விஷயத்துக்கு வருகிறேன். ‘அண்ணே, ரெண்டும் ஒரே தட்டுலதான் சாப்பிடும், நாய்த் தீவனமே போதும்’ என்று சொல்கிறவர்கள் நாள்தோறும் வருகிறார்கள். பூனைக்கு டாரின் என்னும் சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அதன் உடம்பு தனக்குப் போதுமான அளவு அதைத் தயாரித்துக்கொள்வதில்லை. நாயின் உடம்பு பொதுவாகத் தயாரித்துக்கொள்ளும் என்பதால் நாய்த் தீவனத்தில் அது பூனைக்கு வேண்டிய அளவில் இருப்பது உறுதியில்லை. மாதக்கணக்கில் நாய்த் தீவனத்தையே தின்னும் பூனைக்கு விழித்திரை கெட்டுப் பார்வை போகலாம், இதயத் தசை தளரலாம். மறுபுறம், புரதமும் கொழுப்பும் மிகுந்த பூனைத் தீவனத்தை நாய் திருடித் தின்று பெருக்கிறது. பூனையின் தட்டைச் சலவை இயந்திரத்தின் மேலோ அலமாரியின் மேலோ வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் அநேகமாகத் தீர்ந்துவிடும். உயரத்தில் அமர்ந்து உண்பது பூனைக்கும் பிடித்தமானது.

தட்டைவிடக் கொடியது மருந்து. நாய்களுக்கு உண்ணி போக்க விற்கப்படும் சில மருந்துகளிலும் தெளிப்புகளிலும் பெர்மெத்ரின் என்னும் பொருள் சேர்ந்திருக்கிறது. நாய்க்கு அது பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. பூனையின் கல்லீரலால் அதைச் சரிவர முறித்து வெளியேற்ற முடியாததால், சிறிதளவு பட்டாலும் அதற்கு நடுக்கமும் வலிப்பும் கண்டு உயிர் போகக்கூடும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், மருந்தைப் பூனைக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. பிடரியில் மருந்து சொட்டிய நாயோடு ஒட்டிப் படுத்தாலும் அதன் முதுகை நக்கினாலும் போதும். அதாவது, எந்த வீட்டில் இரண்டும் மிக நெருக்கமோ அந்த வீட்டில்தான் ஆபத்து மிகுதி. வெறும் பகையாளிகளாக இருந்தால் பூனை தப்பித்துக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்தில் பூச்சிக்குத் தெளிக்கும் மருந்தைக் கொஞ்சம் புட்டியில் கொண்டுவந்து நாயின் மேல் பூசுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை நுணுக்கிக் கொடுப்பதும் அதே வகையைச் சேர்ந்தது. பூனைக்கு அது நஞ்சு. தெள்ளுப்பூச்சி இரண்டுக்கும் பொதுவானது என்பதால் இரண்டுக்கும் ஒரே நாளில் சிகிச்சை செய்யத்தான் வேண்டும், ஆனால் அதனதன் மருந்தை, அதனதன் எடைக்கேற்ப வாங்க வேண்டும். நாய்க்குப் போட்ட பொருளில் பெர்மெத்ரின் இருந்தால் மருத்துவரோ மருந்துப் பெட்டியோ சொல்லும் காலம் வரை இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

எலி மருந்தைப் பற்றியும் ஒரு வரி. தோட்டங்களில் வைக்கப்படும் நஞ்சைத் தின்று தள்ளாடும் எலி பூனைக்கு எளிதில் அகப்படுகிறது. நட்பின் மிகுதியால் அதை நாயின் முன் கொண்டுவந்து போடும் பூனைகளும் உண்டு. பல எலி நஞ்சுகள் இரத்தம் உறையாமல் செய்பவை. ஈறு வெளுத்தாலும் மூக்கில் இரத்தம் கசிந்தாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றால், வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழி இருக்கிறது. எலிக்காகத் தோட்டங்களில் பெட்டி வைத்துக் குடியேற்றப்பட்ட கூகைகளும் இதே வழியில் நஞ்சுக்குப் பலியாகக்கூடியவை.

உலகம் கொண்டாடிய இத்தகைய நட்புகளின் பிற்பகுதியை யாரும் பகிர்வதில்லை. 2004 டிசம்பரில் கென்யக் கடற்கரையில் தனித்துத் தவித்த ஓவன் என்ற நீர்யானைக் குட்டி, மொம்பாசாவில் இருக்கும் ஹாலர் பூங்காவில் மூஸே என்ற முதிய ஆமையிடம் ஒட்டிக்கொண்டது. குட்டி வளர்ந்து பெருத்ததும் ஆமைக்குக் காயம் நேருமே என்று அஞ்சிய பூங்காவினர், பின்னர் அதை வேறொரு நீர்யானையோடு சேர்த்துவைத்தார்கள். அது பொறுப்பான முடிவு. 2015-இல் ரஷ்யாவின் விளாடிவோஸ்டோக் அருகே, அமூர் என்ற புலிக்கு இரையாக விடப்பட்ட தைமூர் என்ற ஆடு அஞ்சாமல் நின்றதால் இரண்டும் நண்பர்களாகிவிட்டதாகச் செய்தி பரவியது. சில வாரங்களில், ஓயாமல் சீண்டிய ஆட்டைப் புலி கவ்வி வீசியது. ஆடு பிழைத்தது, ஆனால் பழைய உடல்நலம் திரும்பாமலே 2019-இல் இறந்தது. புலியின் மேல் எனக்குக் குறையில்லை.

இதை எழுதத் தூண்டிய உடனடிக் காரணம் வேறு. செம்பனை வரிசைகளுக்கு இடையே, சிறுத்தையைப் போல் புள்ளி போட்ட காட்டுப்பூனை குட்டி போடுகிறது. தாய் இரை தேடப் போயிருக்கும் நேரத்தில் குட்டிகளைக் கண்டு, ‘அனாதை’ என்று எடுத்து வந்து, வீட்டுப் பூனையிடம் பால் குடிக்க விட்டுப் படம் எடுத்துப் பரப்புவது இப்போது நம் பகுதி இளைஞர் சிலரிடையே ஒரு விளையாட்டாகியிருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது முற்றாகப் பாதுகாக்கப்பட்ட இனம். வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சட்டத்தை விடுங்கள்: பாலுக்கு அலையும் வரை வீட்டுப் பூனையோடு ஒட்டி உறவாடும் அந்தக் குட்டி, சில மாதங்களில் கோழிக்கூண்டைத் தேடிப் போகும், கையைக் கிழிக்கும், அப்போது அதைக் கூண்டில் அடைப்பார்கள் அல்லது வேட்டையாடத் தெரியாத நிலையில் தோட்டத்திலேயே கொண்டுபோய் விடுவார்கள். அந்தக் குட்டி தோட்டத்திலேயே வளர்ந்திருந்தால் தோட்ட நிர்வாகம் காசு கொடுத்து நஞ்சு வைத்து ஒழிக்க நினைக்கும் எலியைத் தானே பிடித்துத் தின்றிருக்கும். குட்டியைக் கண்டால் தொடாமல் விலகி வருவது நல்லது. தாய் வராதது உறுதியானால் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்கலாம்.

தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போகும் குடும்பங்களின் நிலை எனக்குப் புரியாமல் இல்லை. பல அடுக்குமாடிகளில் நாய் வைத்திருக்க முடியாது. பூனையைக் கூடையில் எடுத்துக்கொண்டு, நாயை ஆளில்லா வரிசை வீட்டு வாசலில் விட்டுச் செல்கிறார்கள். வேறு வழியே இல்லையென்றால், சேர்ந்து வளர்ந்த இரண்டையும் சேர்த்தே ஏற்கக்கூடிய உறவினரையோ நண்பரையோ வீடு மாறுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தேடுங்கள். லாரி வந்து நிற்கும் காலையில் தேடினால் கிடைக்காது.

2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவரின் கடமைகளை அடுக்கும்போது, பிற விலங்குகளோடு சேர்த்தோ அவற்றிலிருந்து பிரித்தோ வைக்கப்பட வேண்டிய தேவையையும் குறிப்பிடுகிறது. விலங்கைக் கொடுமைப்படுத்துவதற்கு அச்சட்டம் 20,000 வெள்ளி முதல் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. தங்கள் ஞாயிறு பதிப்பு அந்தப் படங்களைத் தொடர்ந்து வெளியிடட்டும், எனக்கு மறுப்பில்லை. படத்தின் அடியில், பூனை இருக்கும் வீட்டில் நாய்க்கு எந்த உண்ணி மருந்து கூடாது என்பது போன்ற இரண்டு வரிகளை ஒரு கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கி வெளியிட வேண்டுகிறேன். அதை வாரந்தோறும் வெட்டியெடுத்து என் கடையின் கல்லாவுக்கு மேலே, எல்லாரும் காசு கொடுக்கும்போது கண்ணில் படும் உயரத்தில், ஒட்டிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தீவனக் கடைக்காரர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்